பாவடித் தெருவின் கைகள்

காலை ஐந்து நாற்பதுக்கு நமச்சிவாயத்தின் பாவு தெருவுக்கு வந்தது.

அறுபது அடி நீளம். இரண்டு முனையிலும் கட்டை நட்டு இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டினார்கள். புடவையின் நீளவாக்கில் ஓடும் நாலாயிரத்துச் சொச்சம் பட்டு இழை. வெயில் ஏறுவதற்குள் கஞ்சி போட்டு, உலர்த்தி, சுருட்டியாக வேண்டும். அதன் பிறகுதான் தறிக்கு ஏறும். பாவடித் தெரு இதற்காகவே அகலமாக விடப்பட்டது. வடக்குப் பாதியில் பாவு. தெற்குப் பாதியில் பந்து.

பந்து ஆடுகிறவர்களுக்கும் அந்த நேரம்தான் உண்டு. எட்டு மணிக்குப் பாதிப் பேர் தறியில் உட்கார வேண்டும். மீதிப் பேர் ஒரகடம் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். 1981இல் பாவடித் தெரு கால்பந்துக் கழகம் தொடங்கியபோது தெரு ஒரு நிபந்தனை போட்டது. பந்து தரையோடு போக வேண்டும். எழும்பினால், பக்கத்தில் இருப்பவன் கையால் பிடித்துவிட வேண்டும். அவன் கோல்கீப்பரா இல்லையா என்ற பேச்சு கிடையாது. இழையில் பந்து படக்கூடாது.

நாற்பத்து மூன்று வருடம் அப்படியே ஆடினார்கள். தரையோடு பந்தைக் கொண்டுபோவதில் மாவட்டத்தில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. பெனால்டி கொடுப்பதிலும் ஆளில்லை. மைதானத்தில் பந்து தலைக்கு மேல் வந்தால் கை தானாக மேலே போனது.

கழகத்தின் செயலாளர் தணிகாசலம் நீள நோட்டு ஒன்று வைத்திருந்தார். ஒரு ஆட்டத்துக்கு ஒரு வரி. தேதி, மைதானம், எதிரணி, கோல். கடைசிப் பத்தியின் தலைப்பு ‘கை’. அந்தப் பத்தியின் கூட்டுத்தொகை அறுபத்தொன்று. அதில் பதினான்கு தினேஷுடையது.

தினேஷ் கேப்டன். வயது முப்பத்தேழு. கோலுக்கு முன்னால் நின்று தடுப்பவன். எதிராளி தூக்கி அடிக்கும் பந்தெல்லாம் அவனிடம்தான் வந்து இறங்கும்.

இந்த வருடம் மாவட்ட லீக்கில் ஒரு விதி புதிதாக வந்தது. கடைசி இடத்தில் முடிக்கும் அணி வெளியே போகும். திரும்பி வர வேண்டுமானால் சொந்த மைதானம் காட்டிப் புதிதாகப் பதிய வேண்டும். பாவடித் தெருவுக்கு இருந்தது அரைத் தெரு.

தென்னேரியோடு நடந்த முதல் ஆட்டத்தில் இரண்டுக்குப் பூஜ்யம் என்று தோற்றார்கள். இரண்டும் பெனால்டி. இரண்டும் தினேஷின் கை. ஏரி வற்றிய தரையில் பழகியவர்கள் தென்னேரிக்காரர்கள். உயரமானவர்கள். பந்தைத் தரையில் வைப்பதே இல்லை. அவர்களுடைய கேப்டன் வேல்முருகன் ஆட்டம் முடிந்ததும் தினேஷின் தோளைத் தட்டினான்.

“இன்னா தினேஷு, அடுத்த தபா வலை கொண்டாரட்டா? நடுவுல கட்டிட்டு வாலிபால் ஆடலாம்பா.”

தினேஷ் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தான்.

மறுநாளிலிருந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பயிற்சி செய்தார்கள். கட்டுவதற்குக் கழிவு நூல் நிறைய இருந்தது. பதினோரு பேரும் கை கட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்த்துக் கம்பெனி பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நமச்சிவாயமும் சிரித்தார். கழகத்தின் முதல் ஆட்டத்தில் அவர்தான் கோல்கீப்பர். இப்போது பாவுக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பதோடு சரி.

“ஜெயிலுக்கு இட்டுக்கினு போற மாதிரி இருக்குதுப்பா,” என்றார்.

ஆறு வாரம் கட்டினார்கள். ஏழாவது வாரம் வாலாஜாபாத் மைதானத்தில் மாகறலோடு ஆட்டம். கட்டு இல்லாத கை எழுபதாவது நிமிடத்தில் மேலே போனது. ஒன்றுக்குப் பூஜ்யம். இனி ஒரே ஆட்டம் பாக்கி. தென்னேரி. குறைந்தது டிரா செய்தால் கடைசி இடம் தப்பும். தோற்றால் கழகம் இல்லை.

தினேஷ் வீட்டுக்கு வந்தபோது மனைவி புவனேஸ்வரி தறியில் இருந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். குறுக்கிழை ஓட்டும் ஓடத்தை நிறுத்தினாள்.

“யார் கை?”

“என்துதான்.”

“ஆறு வாரம் கட்டினீங்களே.”

“கட்டினேன். அவுத்தா போவுது.”

“போவத்தான் செய்யும். கயிறு கட்டினா கை கயிறுக்குப் பயப்படும். உங்க கை பயப்படறது கயிறுக்கா?”

அவள் தறியில் ஏறியிருந்த பாவின் மேல் கையை வைத்தாள்.

“இதுக்கு. இதுல பந்து பட்டுருமோன்னு சின்ன வயசுல புடிச்ச பயம். வாலாஜாபாத் கிரவுண்டுல பாவு ஏது? ஆனா அங்கயும் உங்க கண்ணுக்குத் தெரியுது.”

“அதுக்கு இன்னா பண்ண சொல்ற?”

“படட்டும். ஒரு தபா பட்டுத்தான் பார்க்கட்டும்.”

“எதுல?”

“வர ஞாயித்துக்கிழமை என் பாவு தெருவுக்கு வருது. நான் பந்து எறியறேன். தலையால தடுங்க, மாரால தடுங்க. முடியலன்னா விட்டுடுங்க. கையால மட்டும் தொடாதீங்க.”

“மூணு புடவைப் பாவு புவனா.”

“அறுந்தா நான் இழை பிணைச்சிக்கிறேன். உங்களையா பிணைக்கச் சொல்றேன்? உங்களுக்கு விட்டா ஒரு இழைக்கு ஒரு மணி நேரம் ஆவும்.”

அவள் ஓடத்தை எடுத்தாள். பேச்சு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மயில்கழுத்து நிறப் பாவு தெருவில் இழுத்துக் கட்டப்பட்டது. தினேஷ் அதற்கு முன்னால் நின்றான். மற்ற பத்துப் பேரும் சுவரோரம் நின்றார்கள். புவனேஸ்வரி முந்தானையைச் செருகிக்கொண்டு எதிரே இருபது அடி தள்ளி நின்றாள். பந்தை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி எறிந்தாள்.

தினேஷ் பிடித்தான்.

“குடுங்க,” என்றாள்.

இரண்டாவதும் பிடித்தான். மூன்றாவதும். ஆறாவது பந்தை அவன் பிடித்தபோது கடைசியில் நின்ற குரு வாயைப் பொத்திக்கொண்டான். குருவுக்கு இருபத்திரண்டு வயது. அணியில் வேகமாக ஓடுபவன்.

“இன்னாடா இளிப்பு? அடுத்து நீதான்,” என்றாள் புவனேஸ்வரி.

ஏழாவது பந்து தினேஷின் வலது தோளுக்கு மேலே வந்தது. அவன் கை பாதி எழுந்தது. நின்றது. பந்து அவனைத் தாண்டிப் போய்ப் பாவில் விழுந்தது. காகிதம் கிழிவது போல ஒரு சத்தம்.

தினேஷ் திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டான்.

புவனேஸ்வரி பாவருகே போய்க் குனிந்து எண்ணினாள்.

“முப்பத்தொண்ணு,” என்றாள். உட்கார்ந்து பிணைக்கத் தொடங்கினாள். யாரும் கிட்டப் போகவில்லை. முடித்து எழுந்தவள் பந்தை எடுத்தாள்.

“இன்னொரு தபா.”

எட்டாவது பந்தை அவன் நெற்றியால் தள்ளினான். கோணலாகப் போனது. ஆனால் தெற்குப் பக்கம் போனது.

நமச்சிவாயம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. அவருடைய அரக்கு நிறப் பாவு பத்தடி தள்ளி இருந்தது. இரண்டு கட்டைகளையும் பிடுங்கச் சொல்லித் தெருவின் மேற்கு முனைக்குக் கொண்டுபோனார்.

“உங்க மேட்ச்சு முடியட்டும். அப்புறம் வரேன்,” என்றார்.

இரண்டாம் ஞாயிறு குருவின் அம்மா தையல்நாயகி தன் பாவைக் கொடுத்தாள். எறிந்ததும் அவளே. மகன் முகத்தைக் குறிபார்த்து எறிந்தாள். மூன்றாம் ஞாயிறு தணிகாசலம் வீட்டுப் பாவு. முதல் ஞாயிறு அறுந்தது இருநூற்றுப் பதினேழு இழை. இரண்டாம் ஞாயிறு தொண்ணூறு. மூன்றாம் ஞாயிறு பன்னிரண்டு. பெண்கள் பிணைத்தார்கள். ஆண்கள் மறுநாள் நெற்றி வீங்கி வேலைக்குப் போனார்கள். ஒரகடம் கம்பெனியில் சூப்பர்வைசர் குருவைக் கூப்பிட்டு வீட்டில் ஏதாவது தகராறா என்று விசாரித்தார்.

தென்னேரியோடு ஆட்டம் வாலாஜாபாத்தில், பாலாற்றங்கரை மைதானத்தில் நடந்தது. மாலை நாலு மணி. தென்னேரியிலிருந்து இரண்டு டிராக்டர் நிறைய ஆள் வந்திருந்தது. பாவடித் தெருவிலிருந்து ஒரு வேன். அதில் புவனேஸ்வரியும் தையல்நாயகியும் தணிகாசலமும் நோட்டும்.

வேல்முருகன் டாஸ் போட வந்தான். தினேஷின் நெற்றியைப் பார்த்தான்.

“இன்னாப்பா, வீட்ல அடியா?”

“ஆமா,” என்றான் தினேஷ். “பொண்டாட்டிதான்.”

ஆட்டம் தொடங்கி இரண்டாவது நிமிடமே முதல் பந்து வானத்தில் ஏறியது. தென்னேரிக்கு வேறு திட்டம் எதுவும் தேவைப்படவில்லை. தினேஷ் அண்ணாந்து பார்த்தான். பந்துக்குப் பின்னால் மேகம் இருந்தது. அவன் கைகள் தொடையோடு ஒட்டின. நெற்றியில் வாங்கினான். பந்து கோட்டுக்கு வெளியே போனது.

அடுத்த பந்து. அதற்கடுத்த பந்து. தென்னேரிக்காரர்கள் கோலைப் பார்க்கவில்லை. பாவடித் தெருக்காரர்களின் கைகளைப் பார்த்தார்கள். ஓரத்தில் நின்ற கூட்டம் ஒவ்வொரு பந்துக்கும் “கை! கை!” என்று கத்தியது. நடுவர் இரண்டு முறை விசிலை வாய்க்குக் கொண்டுபோய் இறக்கினார். அவருக்கும் பழக்கம்.

இடைவேளையில் கோல் இல்லை. தணிகாசலம் தண்ணீர் கொடுத்தார். யாரும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தெரியும்.

“முன்னாடி போய் ஒண்ணு போடலாம் அண்ணே,” என்றான் குரு. “அவனுங்க எல்லாம் நம்ம கையைப் பார்த்துக்கினே நிக்கறானுங்க. பின்னாடி காலியா இருக்குது.”

“டிரா போதும்டா. நின்னா போதும்.”

“நின்னா போதுமா?”

“போதும்.”

எண்பத்தேழாவது நிமிடம் வேல்முருகன் தானே வந்து அடித்தான். நாற்பது கெஜத்திலிருந்து உயரமாக. பந்து ஏறி நின்று இறங்கியது. தினேஷ் பின்னால் நகர்ந்தான். காற்று பந்தைத் திருப்பியது. அது அவன் வலது தோளுக்கு மேலே வந்தது. ஏழாவது பந்து வந்த அதே இடம். தலை எட்டாது. கை எட்டும். அவனுக்குப் பின்னால் வெள்ளைக் கோடு, வலை, தாமதமாகத் திரும்பும் கோல்கீப்பர்.

தினேஷ் இரண்டு கையாலும் நிஜாரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். உடம்பைப் பக்கவாட்டில் சாய்த்து எம்பி விழுந்தான். பந்து அவன் கன்னத்திலும் மூக்கிலும் பட்டுக் கம்பத்துக்கு வெளியே உருண்டது. அவன் எழுந்தபோது மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. அதைத் துடைக்கவும் கையைத் தூக்கவில்லை. நிஜாரைப் பிடித்தபடியே நின்றான்.

கடைசி விசில் ஊதியபோதும் கோல் இல்லை. கழகம் இருந்தது.

வேல்முருகன் வந்து கை நீட்டினான். தினேஷ் தன் கைகளைக் குனிந்து பார்த்துவிட்டுப் பிறகுதான் வலது கையைக் கொடுத்தான்.

“இது எங்கப்பா போயிருந்துச்சு இவ்ளோ நேரம்?” என்றான் வேல்முருகன்.

“வீட்லயே வெச்சிட்டு வந்துட்டேன்.”

வேனில் தணிகாசலம் நோட்டைத் திறந்தார். தேதி, மைதானம், எதிரணி, கோல் எழுதினார். கடைசிப் பத்தியில் ஒரு பூஜ்யம் போட்டார். கொஞ்சம் பெரிதாகப் போட்டார். புவனேஸ்வரி தினேஷின் மூக்குக்கு ஈரத்துணி வைத்தாள்.

“புடவை எப்ப முடியும்?” என்று அவன் கேட்டான்.

“மொதப் புடவை தறியில இருக்குது. முந்தியில முடிச்சு தடவினா தெரியும்,” என்றாள். “கட்டிக்கறவளுக்கு எதுக்குன்னு தெரியாது.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நமச்சிவாயம் தன் பாவைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். மறுபடியும் அரக்குதான். கல்யாணப் புடவை. ஜரிகைக் கரையும் சேர்த்துக் கட்டியிருந்தார். தினேஷ் போய் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தான்.

“மேற்கால ஒரே எருமைப்பா,” என்றார் நமச்சிவாயம். “இங்கதான் நிம்மதி. நீங்க இருக்கீங்க.”

பயிற்சி தொடங்கியது. பந்து தரையோடு போனது. தினேஷிடமிருந்து குருவுக்கு, குருவிடமிருந்து ஓரத்துக்கு, மறுபடி தினேஷுக்கு. எல்லோருக்கும் உடம்பு லேசாக இருந்தது. யாரோ ஒருவன் தென்னேரிக் கூட்டம் போலக் “கை! கை!” என்று கத்திக் காட்டினான். சிரித்தார்கள். குரு சிரித்துக்கொண்டே பந்தை உதைத்தான். அது ஒரு சிறு கல்லில் பட்டு எழும்பியது.

அதிகம் எழும்பவில்லை. மார்பு உயரம். தினேஷைத் தாண்டித்தான் போனது. கை நீட்டினால் எட்டும் தூரம். அவனுக்கு அப்பால் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள்.

தினேஷின் கைகள் தொடையோடு ஒட்டின. மற்ற இரண்டு பேரின் கைகளும் ஒட்டின. பதினோரு பேரும் நேராக, அசையாமல் நின்றார்கள்.

காகிதம் கிழிவது போல அந்தச் சத்தம் வந்தது. கொஞ்சம் நீளமாக வந்தது. கட்டை சாய்ந்தது.

நமச்சிவாயம் அறுந்த இழைகளைப் பார்த்தார். நிமிர்ந்து வரிசையாக ஒவ்வொருவரையும் பார்த்தார். கடைசியில் தினேஷைப் பார்த்தார்.

“ஏம்பா, பதினோரு பேர் நிக்கிறீங்க. ஒருத்தனுக்குக்கூடவா கை வரல?”