பௌர்ணமிக்குக் காலி செய்பவர்

"அட்ரஸ் அதேதானே சார்?" என்று கேட்டாள் கவியா. வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச்சந்தில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து தரும் அலுவலகம் வைத்திருந்தாள்.

சாந்திகுமார் பழக்கத்தில் கதவு எண்ணையும் தெருவையும் சொன்னார்.

"சார், அந்த வீட்டை வித்ததுக்குத்தான் இந்தக் கணக்கே போடறோம்."

இருவரும் சிரித்தார்கள். அவர் முதலில் நிறுத்திக்கொண்டார். "பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜ்ல இருக்கேன்மா. ரூம் நம்பர் பதினாலு."

வீட்டை விற்றது போன நவம்பரில். மனைவி குசுமாவதி இறந்து மூன்று வருடம் தனியாக இருந்து பார்த்துவிட்டு விற்றார். புனேயில் மகன் அஜிதன் வீட்டில் இருபது நாள் இருந்தார். பகல் முழுவதும் எல்லோரும் வேலைக்குப் போய்விட, பூட்டிய வீட்டுக்குள் இருக்க முடியாமல் திரும்பி வந்தார். வாடகைக்கு ஆறேழு வீடு கேட்டார். எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: "எத்தினி பேரு?" ஒருத்தர் என்றதும், "ஃபேமிலிக்குத்தாங்க விடறோம்." ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் என்று சொன்னதுகூட எடுபடவில்லை. தற்காலிகமாக என்று லாட்ஜுக்குப் போனவர், எட்டு மாதமாக அங்கேயே இருக்கிறார்.

கவியா கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினாள். "லாபத்துக்கு அஞ்சரை லட்சம் வரி வருது சார். வித்த நாள்லேர்ந்து ரெண்டு வருஷத்துக்குள்ள உங்க பேர்ல வேற வீடு வாங்கறதா இருந்தா, வரி இல்ல. ஆனா இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள லாபப் பணத்தை பேங்க்ல அதுக்குன்னு இருக்கற தனிக் கணக்குல போட்டுடணும். வாங்கப் போறீங்களா?"

"யாருக்குமா வாங்கறது?"

"உங்களுக்குத்தான் சார்."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்திரண்டு வயதில் மறுபடியும் ஒரு சமையலறையைத் துடைத்து, ஒரு டம்ளர் காபி போட்டு, ஒரு டம்ளரைக் கழுவி வைப்பதை நினைத்துப் பார்த்தார். "வரியே கட்டிடறேன்மா," என்றார்.

"வியாழக்கிழமை வந்து சொல்லுங்க. அதுக்கப்புறம் மாத்த முடியாது."

மறுநாள் செவ்வாய்க்கிழமை பௌர்ணமிக் கூட்டம் வரத் தொடங்கியது. காலையிலேயே மேனேஜர் மூர்த்தி கதவைத் தட்டினான்.

"சார், வழக்கம்போல. ரெண்டு நாள்."

"தெரியும்பா. பேக் ரெடி."

"கோச்சுக்காதீங்க சார். உங்க ஒரு மாச வாடகையை ரெண்டு நாள்ல குடுக்கறாங்க, என்ன பண்றது?"

மாதாமாதம் நடப்பதுதான். கிரிவலம் வருகிறவர்களுக்கு அறை போய்விடும். சாந்திகுமார் கீழ்பென்னாத்தூர் பக்கம் தன் சொந்தக் கிராமத்து ஜைனக் கோயிலில், யாத்ரீகர்களுக்கான அறையில் படுத்துக்கொள்வார். சாயங்காலம் ஐந்தரைக்கே மெஸ்ஸில் சாப்பிட்டார். ஜைனர்களுக்கு இருட்டியபின் சாப்பிடும் வழக்கம் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் பிரஷர் மாத்திரை டப்பா அறையிலேயே இருப்பது தெரிந்தது.

திரும்பிப் போனார். பதினான்காம் எண் கதவுக்கு வெளியே எட்டு ஜோடி செருப்புகள். கதவில் கை வைத்துத் தள்ளப் போனவர், விரலை மடக்கித் தட்டினார்.

ஈரத் தலையில் துண்டு சுற்றிய ஒரு பெண் பாதிக் கதவைத் திறந்தாள். "யாரு வேணும்?"

அவர் ஜன்னல் பக்கம் கை காட்டினார்.

"மாத்திரை... ஜன்னல்மேல ஒரு மஞ்ச டப்பா இருக்கும்."

அவள் தேடி எடுத்து வந்தாள். உள்ளே அவருடைய கட்டிலில் இரண்டு குழந்தைகள் குதித்துக்கொண்டிருந்தன. "லாட்ஜ்ல வேலை செய்யறீங்களா? அப்படியே ரெண்டு தலகாணி குடுத்தனுப்புங்க."

"சொல்றேம்மா," என்றார். கீழே இறங்கி மூர்த்தியிடம் தலையணை விஷயத்தைச் சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

வியாழக்கிழமை காலை, பையோடு நேராக கவியாவின் அலுவலகத்துக்குப் போனார்.

"பேங்க்ல போட்டுடறேன்மா. என்னென்ன கொண்டு போகணும்னு எழுதிக் குடு."

"வீடு பாத்துட்டீங்களா?"

"இல்ல."

"ரெண்டு வருஷத்துல வாங்கலேன்னா, அப்ப வரி கட்டியாகணும் சார்."

"தெரியும்."

வங்கி வேலை முடிய மதியம் ஆகிவிட்டது. வெளியே வந்தபோது, வங்கிக்குப் பக்கத்துச் சந்து முனையில் ஒரு வெளிர்பச்சை வீட்டின் கேட்டில் 'விற்பனைக்கு' என்ற அட்டையைப் பார்த்தார். காலையில் இதே வழியாகத்தான் வந்திருந்தார். நிழலில் நின்று அந்த எண்ணுக்குப் பேசினார்.

"ஒரு ரூம், ஹால், கிச்சன். போர் தண்ணி ஜாஸ்தியாவே வரும்," என்றது ஓர் ஆண்குரல். "பேங்க் லோனா சார்?"

"இல்லீங்க. கையில இருக்கு."

"அப்ப சாயந்தரமே வந்து பாருங்க. சாவி பக்கத்து வீட்ல இருக்கு."

அவர் அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை.

"நான் ஒருத்தன்தாங்க," என்று அவராகவே சொன்னார்.

"அதனால என்ன சார்? நாலு மணிக்கு மேல வாங்க."