இடப்பக்கத்துப் படகு

அச்சகத்தில் வேலை பார்த்த அவள் கணவர் இறந்த பிறகு வந்த முதல் கோடை அது. ஏரிக்கரையில் இருந்த அந்த மரவீட்டை அவர்தான் குளிர்காலத்திலேயே பேசி முடித்திருந்தார். வருடா வருடம் அதே வீடு, அதே வாரம். வசந்தம் தொடங்கிய கையோடு ஒருநாள் காலையில், வேலைக்குக் கிளம்ப ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"இந்த வருஷம் வேண்டாம்மா, வேற யாருக்காவது குடுத்துடலாம்" என்று மகள் சொல்லிப் பார்த்தாள். கல்லூரியில் படிப்பவள், அப்பா செல்லம். அம்மா பெட்டியை அடுக்கிக்கொண்டே இருந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள் அவள். சொல்ல வேண்டியதை ஒரு வரியில் சொல்லிவிட்டு மற்றதை முழுங்கிவிடும் பழக்கம் அங்கேயே வந்திருக்க வேண்டும். துணைக்கு இருக்கட்டும் என்று கணவரின் தம்பியையும் கூட்டிக்கொண்டார்கள்.

அந்த ஏரியில் அவளுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. விடுமுறையில் ஒருநாள் இக்கரையிலிருந்து அக்கரைக்கு நீந்துவாள். கணவர் கயாக் எனும் குறுகிய துடுப்புப் படகில் கூடவே வருவார், எப்போதும் இடது பக்கம். மூச்செடுக்க அவளுக்கு இடப்பக்கம்தான் தலை திரும்பும். அச்சு இயந்திரங்களின் இரைச்சலில் காது மந்தமாகிப் போனவர் என்பதால் அவர் பேசுவதெல்லாம் கத்தல்தான். "வளையுற, வளையுற! நேரா போ!" என்று அவர் போடும் சத்தத்தில் அக்கரையில் தூண்டில் போடுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

வந்த மறுநாளே நீச்சலுடையோடு அவள் வெளியே வந்ததும் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்பா போன ஈரம்கூட இன்னும் காயல. உனக்கு நீச்சல் கேக்குது."

"நீ படகுல வரியா?"

"வரல."

"அப்ப தனியா போறேன்."

அதுவரை வாசல் படியில் உட்கார்ந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்த கொழுந்தன் எழுந்தான். லிஃப்ட் பழுதுபார்ப்பது அவன் தொழில்.

"நான் வரேன் அண்ணி. மேல கீழ போய்த்தான் பழக்கம், குறுக்க போனதில்ல. பாத்துக்கலாம்."

லைஃப் ஜாக்கெட் அவன் தொப்பையை வளைக்க மறுத்தது. வாரைக் கடைசி ஓட்டைவரை தளர்த்தி மாட்டிக்கொண்டான். வெயில் மண்டையைப் பிளந்தது. கார் பின்சீட்டில் கிடந்த அகலமான துணித் தொப்பியை எடுத்துக் கவிழ்த்துக்கொண்டான். அது அண்ணனுடையது என்பது அவனுக்கு உறைக்கவில்லை.

தண்ணீர் சில்லென்று இருந்தது. முதலில் உடம்பு முரண்டு பிடித்தது. தோள் கனத்தது, மூச்சு தாறுமாறாக வந்தது. போகப் போக வசப்பட்டது. அவளுக்குக் கிட்டப்பார்வை. நீச்சல் கண்ணாடிக்குள் கொஞ்சம் தண்ணீரும் புகுந்துவிட, தலையைத் திருப்பும்போதெல்லாம் எல்லாமே கரைந்து தெரிந்தன. மஞ்சள் படகு, அதன் மேல் ஒரு தொப்பி, அதன் கீழே கொஞ்சம் கூனிய தோள்.

அவர்தான்.

அவர் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் பார்த்தாள். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள், மறுபடி திருப்பினாள். இருந்தார். அடுத்த முறையும் இருந்தார். இத்தனை மாதமாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று நெஞ்சில் தளர, எந்த வருடமும் நீந்தாத மாதிரி நீந்தினாள். கை தானாகப் போனது. அலுப்பே தெரியவில்லை. இப்படியே போய்க்கொண்டிருந்தால் போதும் என்றிருந்தது.

பிறகு அக்கரைப் பாறைகள் கறுப்பாகத் திரண்டு வந்தன. கரை வந்தால் படகை இழுத்துப் போட்டுவிட்டு அவர் கை நீட்டுவார். இன்றைக்கு நீளப்போகிற கை வேறு கை.

அவள் நின்றுவிட்டாள்.

"என்னாச்சு அண்ணி? கால் இழுக்குதா?"

"இல்ல."

"மூச்சு வாங்குதா?"

"இல்ல தம்பி. கொஞ்ச நேரம் இப்படியே இருக்கேன்."

மல்லாந்து மிதந்தாள். காதுகள் தண்ணீருக்குள் இருந்ததால் உலகம் வாயை மூடிக்கொண்டது. அவன் துடுப்பை இப்படியும் அப்படியும் போட்டுப் படகை அவள் பக்கம் கொண்டுவரப் பார்த்தான்; அது தன் இஷ்டத்துக்குச் சுற்றியது. அவள் விரல்கள் வெளுத்துக்கொண்டே வந்தன.

"அண்ணி, ஒதடு நீலம் பாரிக்குது. பின்னாடி கயிறு இருக்கு பாருங்க, அதப் புடிச்சிக்கோங்க."

அவள் அசையவில்லை.

"அண்ணி, ஒண்ணு சொல்லிடறேன். எனக்கு நீச்சல் தெரியாது. நீங்க உள்ள போயிட்டீங்கன்னா நான் இங்க உக்காந்து வேடிக்கைதான் பாக்கணும். புள்ள கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?"

அவள் நிமிர்ந்து நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். எதிரே கொழுந்தனின் முகம், பயத்தில் வெளிறி.

"அந்தத் தொப்பி..." என்றாள்.

அவன் அதைக் கழற்றித் திருப்பிப் பார்த்தான். விளிம்பில் அச்சு மைக்கறை. அவன் முகம் மாறியது.

"நான் கவனிக்கல அண்ணி. வெயிலுக்காக எடுத்தேன். சத்தியமா கவனிக்கல."

"போட்டுக்கோ. மொட்டை வெயில்." பற்கள் தந்தியடிக்கச் சொன்னாள். "அவர்னு நெனச்சுக்கிட்டே வந்தேன். நல்லா இருந்துச்சு. கரைக்குப் போனா முடிஞ்சிடும்ல. அதான்."

அவன் துடுப்பை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு தலையைக் கவிழ்த்துக்கொண்டான். தோள்கள் குலுங்கின. சாவு வீட்டில் ஆட்களுக்குச் சொல்லி அனுப்பியது, வண்டி பிடித்தது, வந்தவர்களைச் சாப்பிட வைத்தது எல்லாம் அவன்தான். அழ அவனுக்கு நேரம் கிடைத்திருக்கவில்லை. அது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தனக்குப் போனது கணவன் என்றால் இவனுக்குப் போனது அண்ணன்.

நீந்தி வந்து படகின் பின்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவன் அழுது முடிக்கும்வரை பிடியை விடவில்லை. காற்று இருவரையும் மெல்லத் தள்ளிக்கொண்டு போனது.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டதும், "தம்பி, நீ எனக்கு வலது பக்கமா வா" என்றாள்.

"அந்தப் பக்கம் நீங்க திரும்பவே மாட்டீங்களே?"

"அதுக்குத்தான்."

மீண்டும் நீந்தத் தொடங்கினாள். முதல் மூச்சுக்குத் தலையைத் திருப்பியபோது தண்ணீரும் வானமும் மட்டும் இருந்தன. வாய்க்குள் நீர் போய்ப் புரையேறியது. இருமிவிட்டு மறுபடி முகத்தை உள்ளே வைத்தாள். அடுத்த மூச்சிலும் யாரும் இல்லை, அதற்கடுத்ததிலும் இல்லை. ஒவ்வொரு முறையும் வலித்தது. ஆனாலும் மூச்சு எடுக்காமல் முடியாதே, திரும்பித்தான் ஆக வேண்டியிருந்தது. அவள் வழி தவறி வளைந்தபோது, கத்தத் தெரியாத கொழுந்தன் துடுப்பால் தண்ணீரைத் தட்டினான். அவள் நேரானாள்.

அக்கரையில் மகள் நின்றிருந்தாள். பின்னால் கார், கதவுகூடச் சாத்தாமல். அம்மா கரை சேராமல் நின்றதைப் படகுத்துறையிலிருந்து பார்த்தவள், ஏரியைச் சுற்றிக் காட்டுப் பாதையில் ஓட்டி வந்திருந்தாள். முழங்கால் தண்ணீரில் இறங்கி அம்மாவைப் பிடித்தாள். துண்டைப் போர்த்தி, அடிப்பது போலவே முதுகைத் தேய்த்தாள்.

"ஏன் நின்ன?"

"குளிருச்சு."

"பொய் சொல்லாத."

அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். மகள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"அப்பா எடத்துல நான் உக்காந்துட்டா, அப்புறம் அது அவர் எடமாவே இருக்காதுன்னு தோணுச்சு. அதான் வரல. உன் மேல கோவம் இல்ல."

"கொஞ்சம் இருந்துச்சு."

"கொஞ்சம் இருந்துச்சு" என்று ஒப்புக்கொண்டவள் அம்மாவின் ஈரத் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கொழுந்தன் படகைக் கட்டுவது போல ரொம்ப நேரம் கயிற்றோடு மல்லாடினான்.

"இத யார் திருப்பிக் கொண்டுபோறது?" என்றான் கடைசியில். "என்னால ஆகாது. இன்னும் ரெண்டு தரம் துடுப்புப் போட்டா கை கழண்டுடும்."

"சித்தப்பா, ஜாக்கெட்டக் குடுங்க."

மகள் அதை வாங்கி வாரை இழுத்து இறுக்கிக்கொண்டு படகில் ஏறினாள். துடுப்பு இரண்டு பக்கமும் ஒரே சீராக விழுந்தது. அப்பா சொல்லிக் கொடுத்த லாகவம். ஏரி நடுவே போனதும் ஒருதரம் திரும்பிக் கையை உயர்த்தினாள்.

மஞ்சள் படகு கண்ணிலிருந்து மறையும்வரை அம்மா துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றாள். பிறகு காரில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள். நட்ட நடுக் கோடையில், அவள் கேட்காமலே கொழுந்தன் ஹீட்டரைப் போட்டான்.