குழாய்க்கும் ஹீட்டருக்கும் நடுவே

எங்கள் வீட்டுக் குளியலறையில் குழாய்க்கும் வெந்நீர் ஹீட்டருக்கும் பேச்சுவார்த்தை நின்று மூன்று மாதம் ஆகிறது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் குளிக்க வருபவரின் உடம்பு வழியாகத்தான் சொல்லிக்கொள்கின்றன. ஒரு கை குழாயிலும் மறு கை ஹீட்டரிலும் பட்டால் போதும். சுள்ளென்று ஒரு வசவு தோள் வழியாகப் போகும்.

என் மனைவி பூங்கோதை இரண்டு தடவை பொறுத்துக்கொண்டாள். மூன்றாம் தடவை குழாய் ஹீட்டரின் பரம்பரையையே இழுத்துப் பேசியதாம். பையை எடுத்துக்கொண்டு பல்லாவரத்தில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

தவறு என்னுடையது. வீடு கட்டும்போது எலக்ட்ரீஷியன், குளியலறையில் இருக்கும் இரும்பு, பித்தளை எல்லாவற்றையும் ஒரே பச்சை எர்த் ஒயரால் சேர்த்துக் கட்டி மண்ணுக்குள் இறக்க வேண்டும் என்றார். அப்போதுதான் யாருக்கும் ஷாக் அடிக்காது என்றார். கரண்டே ஓடாத ஒயர் எதற்கு என்று கேட்டேன். கேட்டுவிட்டுச் சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரிக்க வேறு செய்தேன். அந்த ஒயரை மொட்டை மாடியில் துணி உலர்த்தும் கொடியாகக் கட்டினேன்.

இதை உங்களிடம் சொல்கிறேன். பூங்கோதையிடம் சொன்னதில்லை. அவள் போனில் கேட்டது அது ஒன்றைத்தான்.

"தப்பு என் மேலதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வந்துடறேன்."

ஷாக்குக்குக் காரணம் காற்றின் ஈரப்பதம்தான் என்று நான் நாற்பது நிமிடம் விளக்கினேன். அவள் வைத்துவிட்டாள். எப்போது வைத்தாள் என்று எனக்குத் தெரியாது.

எர்த் ஆபீஸில் மனு கொடுத்தேன். முதல் கேள்வி, மனுதாரர் உலோகமா. 'ஓரளவு' என்று எழுதினேன். இரண்டாவது கேள்வி, மனுதாரர் இருக்கிறாரா. அதற்குச் சான்று கேட்டார்கள். ரேஷன் கார்டைக் காட்டினேன். அதில் குழாயின் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. ஜன்னல் கம்பி எனக்காகச் சாட்சிக் கையெழுத்துப் போட்டது. அதனோடு எனக்கு அவ்வளவு பழக்கம்கூட இல்லை.

எர்த் ஆபீஸ் ஆய்வாளர் ஜெசிந்தா மேடம் மறுநாள் காலையில் வந்தார். ஹாலிலிருந்து குளியலறைக்கு நடக்க முக்கால் மணி நேரம் ஆனது. ஈரம் அதிகமானால் எங்கள் வீட்டில் நடை நீளும். வழியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டோம். ஊறுகாய் கொண்டுவராததற்காக என்மேல் ஒரு குறிப்பு எழுதினார்.

உள்ளே போனதும் மீட்டரை வைத்து ஒவ்வொன்றாக அளந்தார். ஷவரும் துண்டு போடும் கம்பியும் மரியாதையாகப் பதில் சொல்லின. பிறகு மீட்டரை என் மூக்கில் வைத்தார். முள் கடைசிவரை போய் நின்றது.

"நீங்க எதோட சேர்ந்திருக்கீங்க சார்?"

"எதோடயும் இல்ல மேடம்."

"அதான்."

மொட்டை மாடிக் கொடியை அவிழ்த்து வந்தோம். ஒயர் மண்ணிலிருந்து ஏறி, ஜன்னல் கம்பி, ஷவர் என்று எல்லாவற்றையும் சுற்றி வந்தது. குழாய்க்கும் ஹீட்டருக்கும் நடுவில் மட்டும் ஐந்தடி போதவில்லை. அந்தத் துண்டை எப்போதோ வெட்டி முருங்கைக் கிளையை இழுத்துக் கட்டியிருந்தேன். மரம் தர மறுத்துவிட்டது.

மேடம் என் கைகளை விரித்து அளந்து பார்த்தார். சரியாக இருக்கும் என்றார். இரண்டு மணிக்கட்டிலும் கிளாம்ப் போட்டு முறுக்கினார். புது ஒயர் வரும்வரை அசையக் கூடாது என்று ஒரு சீட்டில் எழுதி என் சட்டைப் பையில் வைத்தார். பூங்கோதைக்குப் போன் செய்து, வீடு சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

உடம்பு வழியாக ஏதோ இதமாக ஓடியது. சாப்பிட்டாயா என்று குழாய் கேட்டது. உம் என்றது ஹீட்டர். இரண்டும் என் வாய் வழியாகத்தான் வந்தன. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மதியம் பூங்கோதை வந்தாள். புறங்கையால் குழாயைத் தொட்டாள். ஹீட்டரைத் தொட்டாள். கடைசியில் என்னைத் தொட்டாள். மூவரும் சும்மா இருந்தோம். ஆனால் அவள் பையைக் கீழே வைக்கவில்லை.

"ஏங்க, எங்கிட்ட சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?"

ஈரப்பதம் என்று ஆரம்பிக்கப் போனேன். ஹீட்டர் முந்திக்கொண்டது. குழாயைப் பார்த்து, என் குரலில் பேசியது.

"தப்பு என் மேலதான். எனக்குச் சூடு ஜாஸ்தி. நீதான் இத்தனை நாள் தாங்கிக்கிட்ட."

பூங்கோதை பையைக் கீழே வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேசியது ஹீட்டர் என்று விளக்கிவிடலாமா என்று யோசித்தேன். விளக்குவது என் சுபாவம். அவள் முகத்தைப் பார்த்ததும் விளக்கத்தை விழுங்கிக்கொண்டேன். அவள் திரும்பிப் போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

ஹீட்டருக்காகக் காத்திருந்தேன். தண்ணீர் சூடாகிவிட்டது போல. அதன் சிவப்பு விளக்கு அணைந்தது. குழாய்ப் பக்கமும் சத்தம் இல்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பு என் மேலதான்" என்றேன். பதினாறு வருடத்தில் முதல் தடவை. குரல் கரகரவென்று வந்தது, பாதியில் இருமிவிட்டேன்.

பூங்கோதை தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"முன்னாடி சொன்னதுதான் நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, வாளியை எடுத்துக் குழாயடியில் வைத்தாள்.