மூன்று பேரை வரிசையில் நிறுத்துவது எப்படி

1

மனிதகுலத்தின் சகல சண்டைகளுக்கும் காரணம் ஆங்கில இலக்கணமே. அது ஒரு பெயரடையின் வாலில் ‘அர்’ ஒட்டும்; போதாதென்று ‘எஸ்ட்’ ஒட்டும். தமிழ்ப் பெயரடைக்கு வால் கிடையாது. ஆகவே தமிழன் யாரையும் யாரோடும் ஒப்பிடவே மாட்டான்.

இப்படித்தான் முத்துச்செல்வம் கதையைத் தொடங்கினான். (கல்லூரி மூன்றாமாண்டு. எழுதும்போது சிரிக்கவில்லை.)

கதை பிறந்தது முத்தையாபுரத்தில், அவன் போகும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில். லிங்கராஜ் சார் ஆட்களை நிறுத்தித்தான் பாடம் நடத்துவார். உயரத்துக்கு மூன்று பையன்கள் நின்றார்கள். அடுத்து, நிறத்துக்கு மூன்று பெண்கள்.

“ஏளா சுடலைச்செல்வி, நீ இங்கன ஓரமா நில்லு. ரீனா நடுவுல. அனுசியா அந்தக் கடைசி. எல்லாரும் சொல்லுங்க: ஃபேர், ஃபேரர், ஃபேரஸ்ட்!”

“சார், மொத ஆளு ஃபேரே இல்லையே!” என்றது பின்பெஞ்சு. சாரும் சேர்ந்து சிரித்தார்.

2

சுடலைச்செல்வி சாக்பீஸைப் பிடுங்கி அவர் முகத்தில்

(வேண்டாம். சினிமா.)

சுடலைச்செல்வி சாரையே முன்னால் நிறுத்தி, அவர் வழுக்கையைக் காட்டி, “பால்டு, பால்டர், பால்டஸ்ட்!” என்றாள்.

(கைதட்டல் நிச்சயம். ஆனால் பொய்.)

அவள் நின்றாள். அவ்வளவுதான். திங்கட்கிழமை துறைமுகத்துப் பக்கம் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் அவளுக்கு இண்டர்வியூ. சார் ஒரு போன் போட்டால்தான் உள்ளேயே விடுவார்கள். அந்த ஒரு போனுக்காக ஒரு மனுஷி பல்லைக் கடித்துக்கொண்டு அளவுகோலாக நிற்க வேண்டியிருக்கிறது. முத்துச்செல்வத்துக்குப் பற்றி எரிந்தது. எழுதிய தாள் இரண்டு இடத்தில் கிழிந்தது.

3

பஸ் ஸ்டாப்பில் அவளிடமே வாசிக்கக் கொடுத்தான்.

“பால்டஸ்ட்டு நல்லாத்தான்ல இருக்கு. பெறவு வேலைய நீயா வாங்கித் தருவ?”

“கதைதானளா.”

“ஒனக்குக் கதை. காலேஜ் மலர்ல வந்து அவரு கண்ணுல பட்டா போன் போடுவாராக்கும்? பேரை எடு.”

“பேரு இல்லாட்டி யாருக்காகக் கோவப்படணும்னு வாசகருக்கு எப்படித் தெரியும்?”

“என்னைய வச்சு ஒருத்தனும் கோவப்பட வேண்டாம். மூணு பொம்பளப் பிள்ளைக நின்னாங்கன்னு எழுதுல. போதும்.”

பஸ் வந்தது. ஏறிவிட்டாள்.

4

பெயர்களை அடித்தான். (நீங்கள் வாசிப்பது அடிப்பதற்கு முந்தைய பிரதி. லிங்கராஜ் சாரிடம் சொல்லிவிடாதீர்கள்.)

வேலை கிடைத்ததா என்று கேட்காதீர்கள். திங்கட்கிழமை இன்னும் வரவில்லை. இப்போதைய சிக்கல் வேறு. பெயரில்லாமல் மூன்று பெண்கள் நிற்கிறார்கள். யார் பக்கம் நிற்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா? அடையாளத்துக்கு ஒரே ஒரு வரி. அத்தனை கோபத்தையும் திரட்டி, முத்துச்செல்வம் சிரிக்காமல் எழுதினான்:

‘மூவரிலும் கொஞ்சம் நிறம் கம்மியான அந்தப் பெண்…’