எட்டுக் குடும்பம், ஒரே படம்

கோல சிலாங்கூர் மடிப்புக் கேமரா மன்றத்தின் தலைவர் லோகேஸ்வரன் ஜெர்மனிக்குப் போனதில்லை. ஆனால் ஜெர்மன்காரன் செய்த கேமராக்களில் எது உசத்தி, எது மட்டம் என்பதை அவரைக் கேட்டுத்தான் ஜெர்மன்காரனே தெரிந்துகொள்ள வேண்டும்.

அவர் வீட்டு வரவேற்பறையில் ஒரு கண்ணாடி அலமாரி. மேல் தட்டில் ஸைஸ் இக்கோன் கம்பெனியின் இக்கோண்டாக்கள். "இது துரை," என்பார், தோட்டத்துப் பதவி வரிசைப்படி. அடுத்த தட்டில் ஃபோக்ட்லாண்டர் பெஸ்ஸா. "கணக்கு எழுதுற கிராணி." அதற்கும் கீழே அக்ஃபா ஐசொலெட். "வேலை வாங்குற மண்டோர். பாக்க நல்லா இருப்பான், ஆனா துருத்தியில ஓட்டை விழும், வெளிச்சம் ஒழுகும்." தரையை ஒட்டிய தட்டில் பால்டா, வெல்டா என்று பெயர் எடுபடாத சில. "இதெல்லாம் வெளிக்காட்டு ஆளுங்க." சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார். அவருடைய தாத்தா வெளிக்காட்டில் புல் வெட்டியவர். தாத்தாவுக்கு அலமாரியில் எந்தத் தட்டும் ஒதுக்கப்படவில்லை.

துரைகளுக்கெல்லாம் பெரிய துரை ஒன்று இருந்தது. 1934-இல் வந்த சூப்பர் இக்கோண்டா. மூடியிருந்தால் கறுப்புத் தோல் போட்ட சாப்பாட்டு டப்பா மாதிரி இருக்கும். பொத்தானை அமுக்கினால் முன்பக்கம் கதவாக விழும். துருத்தி விரிந்து லென்ஸ் முன்னால் வந்து நிற்கும். தூரம் பார்க்க ஒரு சின்னக் கை தனியாக எழுந்து கொள்ளும். ஒரு சுருளுக்கு எட்டே படம். ஒவ்வொரு படத்துக்கும் நாமே திருகைத் திருப்ப வேண்டும். முதுகில் இருக்கும் சிவப்புச் சன்னலில் அடுத்த எண் வரும்வரை திருப்ப வேண்டும். திருப்பாமல் மறுபடி அழுத்தினாலும் அது மறுக்காது. எடுத்த படத்தின் மேலேயே இன்னொன்றை எடுத்துத் தரும்.

பின்னால் வந்த கேமராக்களில் அந்தத் தவறு நடக்காமல் இருக்கப் பூட்டு வைத்தார்கள். சுருளைத் திருப்பாவிட்டால் பொத்தான் இறங்காது. லோகேஸ்வரனுக்கு அந்தப் பூட்டைக் கண்டாலே ஆகாது.

"மறதிக்காரனுக்குச் செஞ்ச கேமரா அது," என்பார். "இன்னொண்ணு. படம் எடுத்த கையோட சுருளைத் திருப்புறவன் கத்துக்குட்டி. அடுத்த படத்துக்கு முந்தின நொடியிலதான் திருப்பணும். அப்பதான் ஃபிலிம் தளராம தட்டையா நிக்கும்."

மன்றத்துச் செயலாளர் பெர்னாட் இதைக் கேட்கும்போதெல்லாம் முதல்முறை கேட்பவரைப் போலத் தலையாட்டுவார். செயலாளர் பதவிக்கு அந்தத் தகுதி போதும்.

இந்தத் தலைவர்தான் பாலத்துத் தோட்டத்துக்குப் படம் எடுக்க வந்தார். தோட்டத்தை விற்றாகிவிட்டது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் மிச்சமிருந்தது எட்டுக் குடும்பம். இரண்டு மாதத்தில் எல்லாரும் ஈஜோக் பக்கம் அடுக்குமாடி வீட்டுக்குப் போக வேண்டும். அதற்குப் பிறகு புல்டோசர் வரும். லயம் இருக்கும்போதே ஒவ்வொரு குடும்பத்தையும் அதன் முன்னால் நிற்க வைத்து, காலத்துக்கும் அழியாத ஒரு படம் எடுத்துக் கொடுப்பதாகத் தலைவர் அறிவித்தார். காசு வேண்டாம் என்றார். காசு வேண்டாம் என்கிற மனிதரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்தப் படத்துக்காக மற்றவர்களைவிடப் புஷ்பவள்ளி அதிகமாகக் காத்திருந்தாள். அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். அப்பா செல்லன் அந்த லயத்தின் ஐந்தாம் வீட்டில் பிறந்தவர். அவருடைய மைகார்டு அடையாள அட்டையில் இருந்ததைத் தவிர அவர் முகம் வேறு எந்தப் படத்திலும் கிடையாது. மகள் போனைத் தூக்கினால் துண்டால் முகத்தை மூடிக்கொள்வார். கல்யாணப் படங்களில் எல்லாம் அவருடைய முதுகுதான் இருக்கிறது.

தலைவர் முதல்நாள் இடம் பார்க்க வந்தபோது கேமராவைத் திறந்து காட்டினார். செல்லன் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

"என்னாய்யா இது, மூஞ்சியை வெளிய நீட்டுது?"

"இது ஜெர்மன் சரக்குங்கய்யா. தொண்ணூறு வருசம் ஆச்சு."

"போனு இருக்குல்ல, அது திருட்டுப் பய. பேசிக்கிட்டு இருக்கும்போதே புடிச்சிடும். இது வாயைத் தொறந்து, நான் எடுக்கப் போறேன்னு சொல்லிட்டு எடுக்குது." அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். "இதுக்குன்னா நிக்கிறேன், பாப்பா."

புஷ்பவள்ளி அன்றைக்கே அவருடைய வெள்ளைச் சட்டையை எடுத்து நீலம் போட்டாள்.

படம் எடுக்கிற ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே பெர்னாட்டிடமிருந்து வாட்சாப்பில் செய்தி வந்துவிட்டது: 'தலைவர் ஊதியம் பெறுவதில்லை. விரும்புவோர் பொன்னாடை அணிவித்துச் சிறப்புச் செய்யலாம்.' நம் ஊரில் 'விரும்புவோர்' என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். எட்டுக் குடும்பமும் ஆளுக்கொரு பொன்னாடை வாங்கி வைத்தது. பல்லு விளக்குகிறவனுக்கே பொன்னாடை போடுகிற சமூகம் நாம்; ஜெர்மன் கேமரா வைத்திருப்பவரை விடுவோமா?

வெளிச்சம் நன்றாக இருந்தது ஐந்தாம் வீட்டு வாசலில். எட்டுக் குடும்பமும் அங்கேயே நிற்கட்டும் என்று தலைவர் முடிவு செய்து, முக்காலியை நட்டு, கேமராவை மாட்டினார். பெர்னாட் ஒரு வாளியோடு வந்தார்.

"எல்லாரும் போனை இதுல போடுங்க. தலைவர் ஆர்டர்."

"ஏன்லா? நாங்களும் ஒண்ணு ரெண்டு எடுத்துக்கிறோம்," என்றாள் மூன்றாம் வீட்டுக் கண்மணி.

"ஃபிலிம் எடுக்கிற இடத்துல டிஜிட்டல் நுழையக்கூடாதும்மா," என்றார் தலைவர். "கோயில்ல செருப்புப் போடுவீங்களா?"

போன்கள் வாளிக்குள் போயின.

பிறகு நடந்தது இதுதான். ஒரு குடும்பம் வாசலில் வரிசையாக நிற்கும். தலைவர் திருகைத் திருப்பக் கையைக் கொண்டு போவார். அந்த நேரத்துக்குப் பெர்னாட் கரோக்கே மைக்கில், "இப்போது ஒளிக்கலைச் செம்மல் அவர்களுக்குப் பொன்னாடை..." என்பார். தலைவர் கையை எடுத்துவிட்டு, கழுத்தை நீட்டுவார். கைத்தட்டல். இரண்டு வார்த்தை பேசுவார். இரண்டு என்றால் இருநூறு. பேசி முடித்த சூட்டோடு கேமராவுக்குப் போய், "ஆடாம நில்லுங்க," என்று அழுத்துவார். கிளிக். அடுத்த குடும்பம். அடுத்த பொன்னாடை.

எட்டு முறையும் இப்படியே. செல்லன் தன் முறை வந்ததும் கதவுக்கு நேராக நின்று, நெஞ்சை நிமிர்த்தி, கேமராவின் திறந்த வாயை நேராகப் பார்த்தார். வாழ்க்கையில் ஒரே முறை.

ஒரு வாரம் கழித்துப் புஷ்பவள்ளி போன் செய்தாள்.

"ஃபிலிம் என்ன மேகி மீயாம்மா, ரெண்டு நிமிசத்துல வேகுறதுக்கு?" என்றார் தலைவர்.

மறுவாரமும் கேட்டாள். கலையை அவசரப்படுத்தக்கூடாது என்றார். அதற்குள் செல்லன் ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. புஷ்பவள்ளி அழுதுகொண்டே தலைவருக்குத்தான் முதலில் போன் செய்தாள். சொந்தக்காரர்களுக்கு அப்புறம்தான். "அந்தப் படம் ஒண்ணு குடுங்கண்ணே, பேப்பர்ல போடணும், மாலை போட்டு வைக்கணும்."

தலைவர் நேரிலேயே வந்தார். சவப்பெட்டிக்கு மாலை போட்டார். அவள் தோளைத் தொட்டு, "படம் வரும்மா. காலத்துக்கும் நிக்கிற மாதிரி வரும்," என்றார்.

கடைசியில் மைகார்டு படத்தைத்தான் பெரிதாக்கினார்கள். அஞ்சலிச் செய்தியில் செல்லன் போலீஸ் தேடுகிற ஆளைப் போல முறைத்துக்கொண்டிருந்தார். லயம் இடிந்தது. எல்லாரும் ஈஜோக்கில் ஒன்பதாவது மாடிக்கும் பதினோராவது மாடிக்கும் போய்ச் சேர்ந்தார்கள். தலைவர் போனை எடுப்பதை நிறுத்தினார்.

பிறகு ஒருநாள் அழைப்பிதழ் வந்தது. கோல சிலாங்கூரில் ஒரு மண்டபத்தில் ஒளிப்படக் கண்காட்சி. லோகேஸ்வரனின் 'கரைதல்' என்ற படைப்புக்கு முதல் பரிசு. டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவர் திறந்து வைக்கிறார். பாலத்துத் தோட்டத்து மக்கள் சிறப்பு விருந்தினர்கள். புஷ்பவள்ளி வேனில் ஏற்றக்கூடிய அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு போனாள்.

படம் ஆள் உயரம் இருந்தது. பின்னால் ஐந்தாம் வீடு கண்ணாடி மாதிரித் தெளிவு. ஓட்டில் இருந்த விரிசல் தெரிந்தது. கதவுக்கு மேலே வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்த ஐந்தைப் படிக்க முடிந்தது. முன்னால் நின்ற ஆட்கள் மட்டும் இல்லை. எட்டுக் குடும்பமும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து, பாலில் சாம்பல் கரைத்த மாதிரி ஒரு மேகம். அதற்குள் அங்கங்கே ஒரு சேலைக்கரை, ஒரு கை, யாருடையதோ பாதி மூக்கு.

"ஐயோ, இது என் வளையல்," என்றாள் கண்மணி. "கைக்கு மேல யாரு தலை?"

மேடையில் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். 1926-இல் நான்கு கம்பெனிகள் சேர்ந்து ஸைஸ் இக்கோன் ஆன கதையில் ஆரம்பித்தவர், போர், டிரெஸ்டன், ஸ்டுட்கார்ட் எல்லாம் சுற்றிவிட்டு ஒருவழியாகப் பாலத்துத் தோட்டத்துக்கு வந்தார்.

"எட்டுக் குடும்பம், ஒரே சட்டகம்! தனிமனிதனைக் கரைத்துச் சமூகத்தை எடுத்தேன். அன்று மாலையே என் இருட்டறையில் சுருளைக் கழுவிப் பார்த்தபோது என் கை நடுங்கியது. என் உடம்பு சிலிர்த்தது!"

டத்தோ கைத்தட்டினார். டத்தோ தட்டியதால் மற்றவர்களும் தட்டினார்கள்.

"தலைவரே, ஒரு கேள்வி," என்றாள் புஷ்பவள்ளி.

"கேளும்மா. கேள்வியிலதான் கலை வளருது."

"இதுல எங்கப்பா எங்க?"

"எல்லா இடத்துலயும் இருக்காரும்மா."

"எங்கப்பா ஒரு ஆளு. ஒரே இடத்துலதான் நின்னாரு. அந்தக் கதவுக்கு நேரா."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பெர்னாட் பழக்க தோஷத்தில் கூட்டத்துக்குக் கொடுத்திருந்த மைக்கை அணைத்தார். முப்பது பிள்ளைகள் கத்துகிற வேனில் கத்திப் பழகிய குரலுக்கு மைக் தேவைப்படவில்லை.

"வேணும்னுதான் இப்படி எடுத்தீங்களா?"

தலைவர் டத்தோவைப் பார்த்தார். மேசையிலிருந்த பரிசுக் கோப்பையைப் பார்த்தார். "ஒரு கலைஞன் கையில தற்செயல்னு எதுவும் கிடையாது."

"அப்ப மூஞ்சி வராதுன்னு தெரிஞ்சேதான் அந்த மனுசனை வெயில்ல நிக்க வச்சீங்க. எங்க போனையெல்லாம் புடுங்கி வாளியில போட்டீங்க."

"இல்லம்மா, அப்படி இல்ல..."

"வேற எப்படி?"

தலைவரின் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. மண்டபத்தில் குளிர்சாதனம் நன்றாகவே வேலை செய்தது.

"அன்னைக்குக் கூட்டம்... மரியாதை... பேச்சு... சுருளைத் திருப்ப விட்டுப்போச்சு."

"மறந்துட்டீங்க."

"மறந்துட்டேன்."

கண்மணி தலையில் அடித்துக்கொண்டாள். "எட்டுப் பொன்னாடை போட்டமேடி. நாமளே போட்டமே."

"மறதிக்காக நான் சண்டைக்கு வரலண்ணே," என்றாள் புஷ்பவள்ளி. "நானும் ஒருநாள் ஒரு புள்ளையை ஸ்கூல்லயே விட்டுட்டு வந்தவதான். திரும்பிப் போய்க் கூட்டிட்டு வந்தேன். நீங்க அன்னைக்கு சாயங்காலமே கழுவிப் பாத்திருக்கீங்க. இப்ப நீங்களேதான் சொன்னீங்க. அன்னைக்கு எங்கப்பா உயிரோட இருந்தாரு. அந்தக் கதவு இருந்துச்சு. ஒரு போன் பண்ணி, மறந்துட்டேன், மறுபடி நில்லுங்கன்னு சொல்லியிருந்தா அந்தச் சட்டையை மாட்டிக்கிட்டு மறுபடி நின்னுருப்பாரு. எழவு வீட்டுக்கு வந்து என் தோளைத் தொட்டு, வரும்மான்னு சொன்னீங்களே. அப்ப என்ன இருந்துச்சு உங்க வாயில?"

தலைவர் பரிசுக் கோப்பையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். டத்தோ கடிகாரத்தைப் பார்த்தார். யாரோ ஒரு அம்மாள், தேநீர் தயாராக இருக்கிறது, கறிபாப் சூடாக இருக்கிறது என்று எல்லாரையும் நகர்த்தப் பார்த்தார். கொஞ்சம் பேர் நகர்ந்தார்கள். கறிபாப்பைத் தோற்கடிக்கும் அளவுக்கு நியாயம் இன்னும் நம் ஊரில் வளரவில்லை.

புஷ்பவள்ளி சுவருக்குப் போனாள். படத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். மறுபக்கத்தைக் கண்மணி பிடித்தாள். ஆணியிலிருந்து கழன்றது.

"அம்மா, அதைத் தொடக்கூடாது," என்று காவலாளி ஓடி வந்தார்.

"எங்கப்பா இதுல இருக்காரு. அவரை மட்டும் வெட்டி எடுத்துக் குடுங்க, மிச்சத்தை இங்கேயே மாட்டிட்டுப் போறேன். முடியுமா?"

காவலாளி படத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் உண்மையாகவே தேடினார். பிறகு கதவைத் திறந்துவிட்டார்.

வேனில் கடைசி இரண்டு சீட்டை மடக்கிப் படத்தைப் படுக்க வைத்தார்கள். எட்டுக் குடும்பமும் சுற்றி நெருக்கி உட்கார்ந்தது. மண்டபத்து வாசலில் தலைவர் டத்தோவுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தது எல்லாருக்கும் கேட்டது.

"ஒண்ணும் பிரச்சனை இல்ல டத்தோ. நெகட்டிவ் வீட்டுல பத்திரமா இருக்கு. பினாங்கு கண்காட்சிக்கு இன்னும் பெருசா ஒண்ணு போட்டுறலாம்."

புஷ்பவள்ளி வேனை எடுத்தவள், நிறுத்தினாள். கண்ணாடியை இறக்கினாள். தேநீர்க் கோப்பையோடு தனியாக நின்ற பெர்னாட்டைக் கூப்பிட்டாள்.

"பெர்னாட் அண்ணே, தலைவர் வீடு எங்க, எந்தத் தாமான்?"

பெர்னாட் வாசலில் நின்ற தலைவரைப் பார்த்தார். வேனுக்குள் இருந்தவர்களைப் பார்த்தார். கோப்பையைச் சுவர் மேல் வைத்தார்.

"வாயில சொன்னா உங்களுக்கு வெளங்காது. சந்து சந்தா நெறையா லோரோங் இருக்கு," என்றார். முன்கதவைத் திறந்து ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். "சிக்னல்ல எடப்பக்கம் எடும்மா."