பால் ஊற்றுகிற கரண்டி

பதுளைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த மர்ஸூக்குக்கு ஒரு கிறுக்கு இருந்தது. பழைய நாணயத்தில் செய்த அடுப்படிச் சாமான் எதைக் கண்டாலும் விடமாட்டார். ஒல்லாந்தர் காலத்துச் செப்புச் சல்லியால் ஓட்டை அடைத்த அகப்பை, பெரிய செப்புக்காசைத் துளைத்த முறுக்கு அச்சு, காசைத் தட்டிக் காம்பு வைத்த உப்புக் கரண்டி என்று கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில் ஒரு பலகை நிறைய அடுக்கியிருந்தார். அதில் ஒன்றையாவது சமையலுக்குத் தருவாரா என்றால் மூச்! தொட்டால் தேய்ந்துவிடுமாம். அவர் மனைவி ஜெமீலா தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த மழைக்காலத்தில் அவருக்கு அந்தக் கிறுக்கும் மறந்துபோயிருந்தது. முதல் இரண்டு பிள்ளைகளையும் மண்ணுக்குக் கொடுத்தவர்கள். மூன்றாவதாகப் பிறந்த நளீராவும் மார்பில் வாய் வைக்க மறுத்தாள். ஜெமீலா பாலைப் பீய்ச்சிக் கரண்டியால் வாயில் தீத்தினால், கரண்டி பெரிதாக இருந்ததால் பாதி கன்னத்தில் வழிந்தது. பிள்ளை நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே வந்தாள். இதுவும் போய்விட்டால் ஜெமீலாவும் பிழைக்கமாட்டாள் என்று மர்ஸூக் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தார்.

அப்படியிருக்கையில்தான் துணி மூட்டையோடு நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார். அங்கே தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் இருந்த அழகையா அவரிடம் பல வருஷமாகத் துணி எடுக்கிறவர். அவருடைய ஒற்றை அறைக் காம்பராவில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கரண்டி செருகியிருந்தது. கும்பெனிக் காலத்து வெள்ளி ரூபாயைக் குழியாக அடித்தது. நடுவில் எழுத்துகூட அழியவில்லை. குஞ்சு வாய்க்கு அளவெடுத்ததுபோல் இருந்தது. மர்ஸூக்குக்குக் கை பரபரத்தது. அடுப்படிச் சாமான் சாமி படத்தண்டை ஏன் இருக்கிறது என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம் மனுஷன். எங்கே யோசித்தார்?

இது என்ன கரண்டி என்று கேட்டார்.

"பால் ஊத்துற கரண்டிங்க மொதலாளி" என்றார் அழகையா.

மர்ஸூக்குக்குக் கண் கலங்கிவிட்டது. தன் பச்சைப்பிள்ளைக்கு அதுதான் வேண்டும், ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை என்று சொன்னார். அழகையா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி பாக்கியலெட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒங்க ஆளுங்களும் பால் ஊத்துவீங்களா?" என்று அழகையா மெதுவாகக் கேட்டார்.

பால் ஊற்றாத வீடும் உண்டா என்றார் மர்ஸூக். விலை பேசப்போனால் இருவரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். இதற்குக் காசு வாங்கக்கூடாதாம். பாக்கியலெட்சுமி கரண்டியைக் கழுவித் துணியில் சுற்றிக் கொடுத்து, பிள்ளை சிரமப்படாமல் இருக்கட்டும் என்று அழுதாள். யாரோ பெற்ற பிள்ளைமேல் இவ்வளவு பாசமா என்று மர்ஸூக் வழியெல்லாம் நெகிழ்ந்துபோனார்.

கரண்டி கைமேல் பலன் தந்தது. அதன் விளிம்பு உதட்டில் பட்டதும் நளீரா வாயைத் திறந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கன்னத்தில் சதை வைத்தது. குரலும் வந்தது. ஜெமீலா முதல்முறையாகக் கணவரின் கிறுக்கை வாயாரப் புகழ்ந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை வாசலில் திடீரென்று ஒப்பாரி கேட்டது. பாக்கியலெட்சுமி மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழகையா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார். அவர்கள் வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்று மர்ஸூக் பதறி ஓடிவந்தார்.

"பச்சப்புள்ளய எப்பங்க எடுத்தீங்க?" என்றார் அழகையா.

"எந்தப் புள்ள?"

அதே நேரம் வீட்டுக்குள்ளிருந்து நளீரா வீறிட்டாள். பாக்கியலெட்சுமியின் ஒப்பாரி பாதியில் நின்றது. அழகையாவின் முகம் வெளிறியது.

"மொதலாளி, அது சாகப்போறவங்களுக்குக் கடைசியா வாயில பால் ஊத்துற கரண்டிங்க. எங்க லயத்துல எல்லாருக்கும் அதுலதான் ஊத்துனோம். எங்க மூத்த பொண்ணுக்கும்."

செத்தவர்கள் வாயில் வைத்ததை மர்ஸூக் தன் கையாலேயே கொண்டுவந்து பிள்ளை வாயில் வைத்திருக்கிறார்! விழுந்தடித்து உள்ளே ஓடினார். ஜெமீலா தீத்திக்கொண்டிருந்தாள். கரண்டியை வெடுக்கென்று பிடுங்கினார். பால் பாயெல்லாம் சிந்தியது. அவள் ஏன் ஏன் என்று கத்த, கேட்டதை அப்படியே கொட்டிவிட்டார். ஜெமீலா பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். நளீரா மட்டும் பாதிப் பசியில் வாயைத் திறந்து திறந்து அழுதாள்.

பாக்கியலெட்சுமி நிலைப்படியில் வந்து நின்றிருந்தாள். அந்த வாயையே பார்த்தாள்.

"எம்பொண்ணுக்கு ஊத்துனப்ப கடவாயில வழிஞ்சு போச்சுங்க. இதுல குடுத்து ஒருத்தரும் முழுங்கி நான் பாத்ததே இல்ல" என்றாள். "ஒரு வாய் நான் குடுக்கட்டுங்களா?"

மர்ஸூக் ஜெமீலாவைப் பார்த்தார். அவள் பிள்ளையின் வாயைத் துடைத்தாள். பிறகு எழுந்துபோய்ப் பிள்ளையைப் பாக்கியலெட்சுமியின் மடியில் வைத்தாள். மர்ஸூக் பால் கிண்ணத்தோடு கரண்டியை நீட்டினார்.

பால் உள்ளே போயிற்று. பாக்கியலெட்சுமி அந்தச் சின்னத் தொண்டை ஏறி இறங்குவதைக் கண் கொட்டாமல் பார்த்தாள்.

"இன்னும் கேக்குதுங்க" என்றாள்.