இரண்டு சீட்டுக்கும் ஆமென்

மலேசியாவின் மாசாயில் கடைவீட்டு மாடியில் கூடும் அந்தத் தமிழ்ச் சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஜெபப் பெட்டியில் விழும் சீட்டை ஒரு வார்த்தை குறைக்காமல் வாசிக்க வேண்டும். எல்லாரும் ஆமென் சொல்ல வேண்டும். பிறகு ஆளுக்கொரு சீட்டை வீட்டுக்கு எடுத்துப்போய் வாரம் முழுக்க ஜெபிக்க வேண்டும். வாசிக்கிற வேலை ரூபேந்திரனுக்கு. பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவனுக்குக் குரல் மட்டும் போதகர் குரல்.

தேர்தலுக்கு முந்தின ஞாயிறு அது. முதல் வரிசையில் வேட்பாளர் திருச்செல்வம் உட்கார்ந்திருந்தார். சபையின் மூத்த உறுப்பினர். ரூபேந்திரன் குடியிருக்கும் அடுக்குமாடியை ஒட்டிய வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதியை மூட வைப்பேன் என்பதுதான் ஊரெல்லாம் அவர் பேச்சு. அதற்கான மனுவில் முதல் கையெழுத்து ரூபேந்திரனுடையது. மறுநாள் அதை நகராண்மைக் கழகத்தில் கொடுக்கப் போகிறவனும் அவனே. சும்மா போட்ட கையெழுத்தில்லை. வேலை முடிந்து வந்த அவன் மனைவி லோஷினியைப் படிக்கட்டில் விடுதிக்காரர்கள் இரண்டு பேர் குடித்துவிட்டு வழிமறித்தார்கள். அன்றிலிருந்து அவள் தனியாக இறங்குவதில்லை.

முதல் சீட்டு, "தேவனுடைய மனிதர் திருச்செல்வம் ஜெயிக்க வேண்டும்" என்றது. சபை கூரை அதிர ஆமென் சொன்னது.

இரண்டாவது சீட்டு மலாயில் இருந்தது. மதியம் அதே மண்டபத்தில் ஆராதிக்கிற மியன்மார்க்காரர்களுக்கும் அதே பெட்டிதான். போன வாரம் எடுக்க மறந்திருப்பார்கள். ஆனால் வழக்கம் வழக்கம்தானே. தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தான்.

"ஆண்டவரே, எங்கள் விடுதியை மூட விடாதேயும். நாற்பத்திரண்டு பேர் இருக்கிறோம். போக இடமில்லை."

இன்னும் ஒரு வரி இருந்தது. அதைப் பார்த்ததும் வாசிப்பதை நிறுத்தினான். சீட்டை மடித்துவிட்டான்.

சபை பழக்கதோஷத்தில் ஆமென் என்றது. எல்லாரையும்விட உரக்கச் சொன்னவர் திருச்செல்வம். சொன்ன பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் அவர் ரூபேந்திரனை ஓரமாக அழைத்தார். "அத ஏன் வாசிச்சீங்க பிரதர்?"

"பெட்டியில இருந்துச்சு. ரெண்டுக்கும் ஆமென் சொல்லிட்டோமே, இப்ப எது நடக்கும்?"

"ரொம்ப யோசிக்காதீங்க லா. நாளைக்கு மனு போயிடணும்."

முதல் சீட்டை எடுத்துப்போக நாலு பேர் போட்டி போட்டார்கள். இரண்டாவதை யாரும் தொடவில்லை. அது அவன் சட்டைப் பையில் வீட்டுக்கு வந்தது.

துவைக்கச் சட்டையை எடுத்த லோஷினி சீட்டைப் பிரித்துப் படித்தாள். "கடைசி வரிய நீங்க வாசிக்கலையே. 'எங்க விடுதித் தண்ணிக் குழாய சரி பண்ணிக் குடுத்த ரூபன் அண்ணனை ஆசீர்வதியும்'னு போட்டிருக்கு."

"தெரியும்," என்றான். வெட்கமாக இருந்தது.

"அந்தக் குடிகாரங்களும் இந்த நாப்பத்திரண்டு பேர்ல இருக்காங்களா?"

"தெரியல."

"அப்ப என்னன்னு ஜெபிக்கப் போறீங்க?"

கேட்டுவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள். அவன் மேசை முன்னால் முழங்காலிட்டான். மேலே மனு கிடந்தது, பக்கத்தில் சீட்டு. இரண்டிலும் அவன் பெயர்.

"ஆண்டவரே," என்றான். மூட வையும் என்பதா, மூட விடாதேயும் என்பதா? அடுத்த வார்த்தை வரவே இல்லை. வெகுநேரம் சத்தம் கேட்காமல் போகவே, ஜெபம் முடிந்துவிட்டதென்று நினைத்து அடுப்படியிலிருந்து லோஷினி ஆமென் சொன்னாள்.